தழும்பு தெரியாது என்றார்கள்

இல்லை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. கட்டியை மூக்கு வழியாகத்தான் எடுத்தார்கள். மூளைக்கு அடியிலிருந்துதான் எடுத்தார்கள். இரண்டும் ஒரே ஆபரேஷன். முதல் பாதியை ஊருக்குச் சொன்னோம், இரண்டாம் பாதியை விழுங்கிவிட்டோம். நேற்று போனில் நீ மறுபடியும் கேட்டாய். "ரெண்டாவது ஆபரேஷனையும் சைனஸ்னே சொல்லிடும்மா. கல்யாணம் முடியட்டும். இன்னும் ரெண்டு மாசம்தானே." நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகவே இருந்தது. கோபத்தில் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். எழுத வரும்.

உனக்குத் தெரியாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஒலக்கூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நாளமில்லாச் சுரப்பிகள் பாடம். பிட்யூட்டரி, பட்டாணி அளவு, மூளையின் அடியில், மற்ற சுரப்பிகளை ஆட்டிவைப்பது. வளர்ந்து முடிந்தவர்களுக்கு அதில் வளர்ச்சி ஹார்மோன் அதிகமானால் உயரம் கூடாது. கை, பாதம், தாடை பெரிதாகும். இதை இருபது வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். போன வருடமும் எழுதிவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், உங்க மோதிர வெரலு மாதிரியா?" வகுப்பு சிரித்தது. நான் அவளை வெளியே நிற்க வைத்தேன். மணி அடிக்கும்வரை அவள் வராந்தாவில் நின்றாள். நான் சாக்பீஸ் பிடித்த என் கையைப் பார்க்காமல் மிச்சப் பாடத்தை நடத்தி முடித்தேன். அந்தப் பெண்ணிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மறைப்பதை நீ கண்டுபிடிக்கவில்லை. அதற்கு முன்பே என்னிடம் இருந்தது.

ஐந்து வருடமாக என் உடம்பு கத்திக்கொண்டிருந்தது. மோதிரம் இறங்காமல் திண்டிவனம் பஜாரில் ஆசாரியிடம் போய் அறுத்து எடுத்தோம். "டீச்சரம்மா நல்லா சாப்புடறாங்க போல" என்றார் அவர். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். செருப்பு அளவு ஆறிலிருந்து எட்டானது. பெண்கள் பக்கத்தில் எட்டு இல்லை. கடைக்காரர் சங்கடப்படாமல் ஆண்கள் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. பல் டாக்டர் கம்பி போடலாம் என்றார். சர்க்கரை ஏறியது, மாத்திரை எழுதினார்கள். வியர்த்தது, மாதவிடாய் நிற்கிற வயசு என்றார்கள். குரல் தடித்தது. நீ கல்லூரியிலிருந்து போன் செய்து, நான் எடுத்து ஹலோ சொன்னதும், "அப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்றாய். இரண்டு முறை. மூன்றாவது முறையிலிருந்து நான் போன் எடுப்பதை விட்டேன். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் முகம் மெதுவாக மாறினால், சுற்றியிருக்கிறவர்களுக்கு அது நோயாகத் தெரிவதில்லை. வயசாகத் தெரிகிறது. இல்லாவிட்டால் வேடிக்கையாக.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, பிட்யூட்டரியில் கட்டி என்று சொல்லி, அந்த டாக்டர் ஒரு தாளில் படம் போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா. நீ என் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டாய். மூக்குத் துவாரம் வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாய் போகும் என்றார். மூக்கு முடிகிற இடத்தில் ஒரு காற்றறை. அதன் பின்சுவர் முட்டை ஓடு மாதிரி எலும்பு. அதைத் திறந்தால், சுரப்பி உட்கார்ந்திருக்கும் குழி. வளையம் வைத்த சின்னக் கரண்டியால் கட்டியைச் சுரண்டி, உறிஞ்சி எடுப்பார்கள். இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் ஏற்றும் குழாய்கள். மேலே கண் நரம்பு. ஒருவர் காது மூக்கு தொண்டை டாக்டர், ஒருவர் மூளை டாக்டர். இரண்டு பேர், நாலு கை, ஒரே மூக்கு. முன்பெல்லாம் மேலுதட்டைத் தூக்கி ஈறுக்கு மேலே கீறி உள்ளே போவார்களாம். அதற்கும் முன்பு மண்டையைத் திறந்திருக்கிறார்கள். அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பயம் போய் ஆசையே வந்தது, ஒரு அறிவியல் வாத்தியாருக்கு வருகிற ஆசை. இவ்வளவு குறுகிய வழியில் மனிதர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று.

நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "தழும்பு தெரியுமா சார்?"

"வெளியில ஒண்ணும் தெரியாதுப்பா. நீங்க சொன்னாத்தான் ஆபரேஷன்னே தெரியும்."

உன் முகம் மலர்ந்தது. அம்மாவின் முகத்துக்காகக் கவலைப்படுகிறான் என்று நினைத்தேன். ஏற்கெனவே மாறிப்போன முகம், இதற்கு மேல் கீறல் விழக் கூடாது என்று. நெஞ்சு நிறைந்தது, சொல்லிக்கொள்ளாமல் சந்தோஷப்பட்டேன். காரில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றபோது நீ முன் சீட்டிலிருந்து திரும்பினாய். "அப்போ சைனஸ்னு சொல்லிடலாம்மா. மூளையில கட்டின்னா அனந்தபுரத்துல, பொண்ணு வீட்ல, ஆளுக்கொண்ணு பேசுவாங்க. பரம்பரையான்னு கேப்பாங்க. நிச்சயம் ஆகி மூணு வாரம்தான் ஆவுது." அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "பையன் சொல்றது சரிதான், இன்னாத்துக்கு வம்பு" என்றார். நான் சரி என்றேன். இதை அடிக்கோடிட்டுப் படி. நான் சரி என்றேன். பரம்பரை வகை இல்லை என்று டாக்டர் அப்போதுதான் சொல்லியிருந்தார், வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றார். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ள நமக்கு மூன்று பேருக்கும் தோன்றவில்லை. மண்டையைத் திறக்கிற காலமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? மயிலம் முருகனுக்கு முடி இறக்கினேன் என்று சொல்லச் சொல்லியிருப்பாய். நான் அதற்கும் சரி என்றிருப்பேன் போல.

யோசித்துப் பார். எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் பழகி, கை நடுங்காமல், ஒரு நோயாளியின் முகத்தைக் கிழிக்காமல் உள்ளே போய்வர ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அது நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்க. நாம் அதைப் பொய்க்கு வசதியாக எடுத்துக்கொண்டோம். தழும்பில்லை, ஆகவே நடக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். தமிழில், பெரிய எழுத்தில். குனியக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கனம் தூக்கக் கூடாது. ஆவி பிடிக்கக் கூடாது. மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டினால் உடனே வர வேண்டும். அதை நீ பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாய். சம்பந்தியம்மா வருகிறார் என்று தெரிந்ததும் எடுத்து பீரோவில் வைத்தாய். மேலே ஆபரேஷனின் பெயர் இருந்ததல்லவா.

அம்சா ஏன் வந்தார்? நிவேதாவின் அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் தாய் மாப்பிள்ளை வீட்டில் வந்து தங்குவது அவர்கள் பக்கம் வழக்கமில்லை. அதையும் மீறி, "சமைக்க ஆளில்லாம பேஜாரா இருக்குமே" என்று அனந்தபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற நேரம், ஆள் கிடைக்காத நேரம், கொல்லையில் விளைச்சலை அப்படியே விட்டு. ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் வரப்பிலிருந்து ஒடித்த நொச்சித் தழை, கட்டு பிரியாமல் ஈரத்துணி சுற்றி. என் முகத்தைப் பார்த்தார். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்புவார்கள். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூக்கு முழுக்க அடைச்சிக்கினு இருக்குதே. இன்னா டாக்டருங்க இவங்க, அறுத்துட்டு அப்படியே உட்டுட்டாங்க. எங்க ஊர்ல சைனஸுக்கு இதான் சம்மந்தி. மூணு வேளை ஆவி புடிச்சா கொட்டிடும்."

"டாக்டர் வேணாம்னாங்க சம்மந்தி."

"டாக்டரு ஆயிரம் சொல்வாரு. சளிக்கு ஆவி வேணாம்னு எந்த டாக்டரு சொல்வாரு? சைனஸ்தானே?"

சைனஸ்தானே. நீ அப்போது ஹாலில் லேப்டாப்போடு இருந்தாய். தலையைத் தூக்கினாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில், இரண்டு பேரில் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம். நீ மறுபடியும் லேப்டாப்பைப் பார்த்தாய். நான், "ஆமா, சைனஸ்தான்" என்றேன்.

நொச்சி போட்டுக் கொதிக்கிற குண்டானை நாற்காலியில் வைத்தார். போர்வையைப் போட்டு மூடினார். "நல்லா குனிங்க. இன்னும். போர்வைய உட்றாதீங்க." முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் குனிந்தேன். நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் நடத்துகிறவள், முட்டை ஓடு மாதிரி ஒரு எலும்பை இப்போதுதான் அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவள், குனிந்தேன். "இப்ப சிந்துங்க. வெக்கப்படாதீங்க, நம்ம வூடுதானே. நல்லா சிந்துங்க." சிந்தினேன். உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக விட்டது. வலி இல்லை. அம்சா துண்டால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "பாருங்க, எறங்குது" என்றார் சந்தோஷமாக.

மறுநாள் காலை பல் தேய்க்க நின்றபோது சொட்டியது. தண்ணீர். நிறமே இல்லை. தொண்டையில் உப்பு. உட்கார்ந்தால் தலை பிளந்தது, படுத்தால் குறைந்தது. உனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. கார் ஓட்டிக்கொண்டே நீ அழுததை நான் பார்த்தேன். அதையும் எழுதி வைக்கிறேன், ஒருதலையாக இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் நீ என் மூக்குக்குக் கீழே பஞ்சை மாற்றினாய். சொட்டு விழுந்த நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்தாய். இரக்கம் இல்லாதவன் என்று உன்னைச் சொல்ல மாட்டேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

அம்சாவும் பின் சீட்டில் வந்தார், என் தலையை மடியில் வைத்துக்கொண்டு. அவசரப் பிரிவில் நர்ஸ் கேட்டார், "குனிஞ்சீங்களா? சிந்தினீங்களா? ஆவி புடிச்சீங்களா?"

"நான்தாம்மா புடிக்க வெச்சேன்" என்றார் அம்சா. யாரும் அவரைக் கேட்கவில்லை. தானாகவே முன்னால் வந்து சொன்னார்.

"அறிவிருக்குதாம்மா உனக்கு? சீட்டுல எழுதிக் குடுத்தா யாரும் படிக்கறதில்ல. உசுரு போயிருந்தா?"

நர்ஸ் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் நீ, "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று அவரை அந்தப் பக்கம் கூட்டிப் போனாய். எதற்குக் கூட்டிப் போனாய்? சம்பந்தியம்மாவைத் திட்டு வாங்காமல் காப்பாற்றவா? மூளை என்ற அந்த வார்த்தை வெளியே வராமல் காப்பாற்றவா? திரும்பி வந்து நீ சொன்னதைப் படுத்தபடி கேட்டேன். "ஒண்ணுமில்ல அத்தை. ஆவி புடிச்சதுல உள்ள தையல் மாதிரி ஒண்ணு விட்டுப்போச்சாம். சின்னதா மறுபடி பண்ணணும். நீங்க தெரியாமத்தானே பண்ணீங்க." தெரியாமத்தானே பண்ணீங்க. எவ்வளவு மரியாதையாகச் சொன்னாய். ஒரு மனுஷியின் தலையில் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, பார்த்து நடங்க என்று சொல்கிற மரியாதை. தெரியாமல் செய்தது அவர் குற்றமா? தெரியவிடாமல் செய்தது யார்? அம்சா தூணோரம் பிளாஸ்கைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஸ்டிரெச்சரில் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்கமில்லை. மூடிக்கொண்டேன்.

இந்தத் தடவை தொடையில் கீறிக் கொஞ்சம் கொழுப்பும் சவ்வும் எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். மூக்கின் நடுச்சுவரிலிருந்து சதையை ஒரு திரை மாதிரி உரித்து, அதன் ரத்த ஓட்டம் அறாமல் திருப்பி, மேலே போர்த்தினார்கள். மூளைத் தண்ணீரை வடிக்க முதுகில் ஒரு குழாய். ஐந்து நாள் மல்லாந்து படுக்கை. கூரையில் ஒரு விசிறி, மூன்று இறக்கை. ஒன்றில் மட்டும் துரு. பார்த்துக்கொண்டு கிடந்தேன். இப்போது கசிவு இல்லை. ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் இறங்கியிருக்கிறது. விரல் வீக்கம் வடிகிறது. எலும்பு பழையபடி ஆகாது, இந்த முகம் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் நேராகவே சொன்னார். நேராகச் சொன்னதால் தாங்க முடிந்தது. தழும்பும் ஒன்று வந்துவிட்டது, தொடையில், ஒரு சாண் இல்லை, அரைச் சாண். புடவைக்குள் இருக்கிறது. உனக்கு வசதிதான்.

இதெல்லாம் போகட்டும் என்று நான் விட்டிருப்பேன். கோழைத்தனத்தில் உன்னைவிட எனக்கு அனுபவம் அதிகம். போன ஞாயிற்றுக்கிழமை நிவேதா வந்தாள், பழம் வாங்கிக்கொண்டு. அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டேன். போனில் பேசினாலும் இரண்டு வார்த்தைதான், "நான் வந்தா எதுனா ஆயிடும் சம்மந்தி, தூரமாவே இருக்கறேன்" என்று வைத்துவிடுகிறார். நிவேதா பழப் பையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்.

"அம்மா செருப்பு போடறதில்ல அத்தை. உங்களுக்கு சரியாவற வரிக்கும் போட மாட்டேன்னு மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கினாங்க. வெயில்ல கொல்லைக்கும் அப்படியே போறாங்க. கால்ல முள்ளு குத்தி சீழ் வெச்சிருக்குது. சொன்னா கேக்கறதில்ல. நான் பண்ண பாவம்ன்றாங்க."

அதை உன்னிடம் சொன்னேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று. நீ என்ன சொன்னாய்? நேற்று போனில் சொன்னதைச் சொல்கிறேன், மறந்திருப்பாய். "அது அவங்க நம்பிக்கைம்மா, உடு. அவங்க கொஞ்சம் பயந்துதான் இருக்கட்டுமே. இல்லன்னா நாளைக்கு எல்லாத்துலயும் வந்து நிப்பாங்க."

பயந்து இருக்கட்டும். என்ன வார்த்தை இது? எங்கே கற்றாய்? சொன்னால் சம்பந்தம் போய்விடுமோ என்று பயந்து ஒரு பொய் சொன்னாய். புரிந்துகொள்ள முடிகிறது, நானும் பயந்தவள்தான். இப்போது அந்தப் பொய் உனக்கு லாபமாகத் தெரிகிறது. ஒரு தாய் குற்ற உணர்ச்சியில் வாயை மூடிக்கொண்டு தூரத்தில் நிற்பது உன் குடித்தனத்துக்கு நல்லது என்று கணக்குப் போடுகிறாய். படித்த பையன். என் பையன். நொச்சித் தழைக்கு ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்த அந்தக் கையை நீ பார்க்கவே இல்லையா?

கல்யாணமாகப் போகிற மகனுக்குத் தாய் ஏதாவது சொல்ல வேண்டுமாம். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நாளைக்கு நிவேதாவின் உடம்பு மாறும். எல்லா உடம்பும் மாறும். அவள் மோதிரம் இறுகினால் நீ ஆசாரியோடு சேர்ந்து சிரிக்காதே. அவள் குரல் தடித்தால், யார் பேசுவது என்று கேட்காதே. என்ன ஆச்சு என்று கேள். டாக்டரிடம் முதல் கேள்வியாகத் தழும்பைக் கேட்காதே. அவளுக்கு ஒரு நோய் வந்தால், அதன் முழுப் பெயரையும் வாய்விட்டுச் சொல். சமைப்பவளுக்கும் துணி துவைப்பவளுக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என் மூக்கில் முதல் தடவை போட்ட அடைப்புக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது. தெரிந்திருந்தால் அம்சா என்னைக் குனியவிட்டிருக்க மாட்டார். போர்வையைப் பிடுங்கி எறிந்திருப்பார். எனக்கு அதில் துளிகூடச் சந்தேகம் இல்லை.

அம்சாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். சம்பந்தம் முறியலாம். தெரிந்துதான் செய்கிறேன். மூளையில் கட்டி இருந்த வீட்டில் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொன்னால், அது அவர்கள் உரிமை, தெரிந்துகொண்டு சொல்லட்டும். முறிந்தால் நீ என்னோடு பேசாமல் இருப்பாய். எவ்வளவு நாள் என்று தெரியாது. உன்னைப் பெற்றவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் முள் குத்திய காலோடு ஒருத்தி எனக்காக வரப்பில் நடந்துகொண்டிருக்க, நான் பந்தலில் அவர் கையிலிருந்து தாம்பூலம் வாங்க மாட்டேன். என்னால் முடியாது. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "யோசிச்சுக்கோ" என்றார். பிறகு, டாக்டர் அன்று எழுதித் தருகிறேன் என்ற தாளைப் பற்றித் தானாகவே பேச்செடுத்தார். காலையில் விழுப்புரம் போய் வாங்கி வந்தார். பரம்பரை வகை இல்லை என்று நாலு வரி, முத்திரையோடு. உன் அப்பா மெதுவான ஆள். ஆனால் போனார்.

கடிதத்தை எழுதி முடித்துவிட்டு அம்சாவுக்குப் போன் செய்தேன்.

"வீட்லதானே இருப்பீங்க சம்மந்தி? வர்றேன்."

"ஐயோ, இந்த உடம்ப வெச்சிக்கினு பஸ்லயா? எதுனா ஆயிடப் போவுது. இன்னா சம்மந்தி விசயம்? கல்யாணத்துல எதுனா..."

"நேர்ல சொல்றேன். கால கழுவி மருந்து போட்டுக்கினு உக்காந்திருங்க."

எழுதிய தாள்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். போனை அணைத்தேன். பீரோவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன், ஸ்கேன் படங்களையும் டாக்டர் தாளையும் ஒரே உறையில் போட்டேன். பஜாரில் அதே செருப்புக் கடைக்குப் போய், பெண்கள் பக்கத்தில் அம்சாவுக்கு ஆறாம் அளவில் ஒரு ஜோடி வாங்கினேன். அனந்தபுரம் போகச் செஞ்சி பஸ்ஸில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.